மரத்தில் செதுக்கிய புத்தர் சிலைகள்: பராமரிப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் மரப் புத்தர் சிலை வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்துள்ளேன். பாலித் தீவில் விடுமுறையின்போது வாங்கியது, பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தில் தலைமுறையாக வந்தது, யாரோ அன்பளிப்பாகக் கொடுத்தது எனச் சிலையின் வரலாறு எதுவாக இருந்தாலும் அதன் உடம்பு மரம்தான். பழுதான சிலைகளைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பூச்சியும் மழையும் கெடுத்த சிலைகளைவிட, நல்லெண்ணத்தோடு எண்ணெயையும் ஈரத்துணியையும் எடுத்தவர்கள் கெடுத்த சிலைகளே அதிகம்.

என்னிடம் உள்ள சிலை எந்த மரத்தால் ஆனது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் சிலையைச் சாய்த்து அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். மேற்பரப்பில் சாயமும் மெழுகும் மறைத்துவிடும் செய்திகளை மெருகிடாத அடிப்பகுதி சொல்லிவிடும். வெட்டுமுகத்தில் ஆண்டு வளையங்களும் நுண்துளைகளும் தெரிந்தால் அது மரம். எதுவுமே தெரியாமல் வழவழப்பாக இருந்து, பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மெல்லிய ஒட்டுக்கோடும் ஓடினால் அது அச்சில் வார்த்த பிசின்.

கடைகளில் இன்று மிகுதியாகக் கிடைக்கும் பாலித் தீவுச் சிலைகளில் பெரும்பாலானவை 'சுவார்' என்று அங்கே அழைக்கப்படும் மரத்தால் ஆனவை. பெயர் புதிதாக ஒலித்தாலும் மரம் நமக்குப் பழக்கமானது. நம் ஊர்ச் சாலையோரங்களில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரமே அது. நடுப்பகுதி அடர்ந்த பழுப்பாகவும் வெளிப்பகுதி வெளிர் மஞ்சளாகவும் இருப்பதால், ஒரே சிலையில் முகம் ஒரு நிறத்திலும் தோள் வேறு நிறத்திலும் அமைவதுண்டு. அந்த இருநிற அழகுக்காகவே பலர் வாங்குகிறார்கள். ஆனால் அந்த வெளிர்ப்பகுதிதான் பூச்சிகளுக்கு விருந்து. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பர்மிய, தாய்லாந்துச் சிலைகளில் தேக்கு மிகுதி. ஜப்பானில் ஏழாம் நூற்றாண்டில் கற்பூர மரம் பெருவழக்காக இருந்தது. ஹோர்யூஜி கோயிலில் உள்ள, இரண்டு மீட்டரைத் தாண்டி மெலிந்து உயர்ந்து நிற்கும் 'குதாரா கன்னோன்' சிலை கற்பூர மரத்தில் செதுக்கியதே. பிற்காலத்தில் 'ஹினோகி' எனப்படும் சைப்ரஸ் வகை மரம் அந்த இடத்தைப் பிடித்தது. ரேகை நேராக ஓடுவதாலும் உளிக்கு இணங்குவதாலும் சிற்பிகள் அதை விரும்பினர்.

சந்தனச் சிலை என்று சொல்லி விற்றார்கள். நம்பலாமா?

சந்தனத்துக்கும் புத்தர் உருவத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. புத்தரின் முதல் உருவமே சந்தனத்தில்தான் செதுக்கப்பட்டது என்பது பௌத்த மரபுக் கதை. ஐந்தாம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி பாகியான் அதைப் பிரசேனஜித்து மன்னரோடு இணைத்துச் சொல்கிறார். ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் கோசாம்பியின் உதயண மன்னரோடு இணைக்கிறார். இந்தக் கதையின் மதிப்பை வணிகர்கள் நன்றாகவே அறிவார்கள்.

ஏதோ ஒரு வெளிர் மரத்தில் செதுக்கிச் சந்தன எண்ணெய் தடவி விற்பது வழக்கமான தந்திரம். மேற்பரப்பில் மூக்கைத் துளைக்கும் மணம் வீசி, சில மாதங்களில் முற்றிலும் மறைந்துவிட்டால் ஐயம் கொள்ளுங்கள். உண்மையான சந்தன வைரத்தின், அதாவது மரத்தின் முற்றிய நடுப்பகுதியின், மணம் அடக்கமானது. பல ஆண்டுகளுக்குப் பிறகும் அடிப்பகுதியில் மென்மையாகத் தேய்த்தால் திரும்பும். ஒரு சாண் உயரத்துக்கு மேற்பட்ட சிலையைச் சில ஆயிரம் ரூபாய்க்குச் சந்தனம் என்று கொடுத்தால், அதற்கு மேல் ஆராயவே தேவையில்லை.

மரச் சிலைகள் ஏன் விரிசல் விடுகின்றன?

மரம் வெட்டப்பட்ட பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும் மழைக்காலத்தில் மரத்துக்குள் ஏறத்தாழ 16 சதவீத ஈரம் இருக்கும். குளிர்சாதன அறையில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமானால் அது 9 சதவீதத்துக்கு இறங்கும். ஈரம் இறங்கும்போது மரம் சுருங்குகிறது. நீளவாக்கில் அந்தச் சுருக்கம் கண்ணுக்குத் தெரியாது. குறுக்குவாக்கில்தான் தெரியும், அதிலும் வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கி ஏற்படும் சுருக்கத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. எளிதில் அசையாத மரம் என்று பெயர்பெற்ற தேக்கிலேயே, 20 சென்டிமீட்டர் அகலமுள்ள தோள்பகுதி இந்த மாற்றத்தில் இரண்டு மில்லிமீட்டர் வரை குறுகக்கூடும். வெளித்தோல் விரைவில் காய்ந்து சுருங்க முயலும்போது உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும் மரம் இடம் கொடுப்பதில்லை. அந்த இழுபறியின் முடிவே விரிசல்.

நடுத்தண்டோடு கூடிய முழுக் கட்டையில் செதுக்கிய சிலை விரிசல் விடாமல் இருந்தால்தான் வியப்பு. ஜப்பானியச் சிற்பிகள் இதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். ஒரே கட்டையில் செதுக்கிய காலத்தில் முதுகுப்புறத்தைத் திறந்து உள்மரத்தைக் குடைந்து எடுத்துவிட்டு, மீண்டும் பலகையால் மூடினார்கள். பதினோராம் நூற்றாண்டில் ஜோச்சோ என்ற சிற்பி, பல கட்டைகளைத் தனித்தனியே செதுக்கி உள்ளே வெற்றிடம் விட்டுப் பொருத்தும் முறையை முழுமைக்குக் கொண்டுவந்தார். கியோட்டோவுக்கு அருகே உஜியில், பியோதோயின் கோயிலில் 1053-இல் அவர் அமைத்த அமிதாப புத்தர் இன்றும் அமர்ந்திருக்கிறார். நாராவின் தோதாய்ஜி கோயில் வாயிலில் நிற்கும் 8.4 மீட்டர் உயரக் காவல் உருவங்கள் இரண்டும் புத்தர் அல்ல என்றாலும் இதே முறையின் உச்சம். 1203-இல் ஊன்கேய், கைகேய் முதலான சிற்பிகள் 69 நாட்களில் முடித்த அவற்றை 1988 முதல் 1993 வரை பிரித்துப் பழுதுபார்த்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 3,000 துண்டுகளால் ஆனது.

ஆகவே பெரிய சிலை வாங்கும்போது உட்குடைவு உண்டா, ஒட்டுத் துண்டுகள் உண்டா என்று பாருங்கள். 'ஒரே மரம், ஒட்டே இல்லை' என்பதைக் கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். நான் அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்வேன்.

வாங்கி வந்த சில வாரங்களிலேயே விரிசல் தோன்றிவிட்டது. உடனே நிரப்பலாமா?

வேண்டாம். புதிய சுவார் மரச் சிலைகளுக்கு இது மிகவும் பொதுவான அனுபவம். மரம் முழுமையாகக் காய்வதற்கு முன்பே செதுக்கப்பட்டு, கப்பலில் வந்து, குளிர்சாதன அறையில் நுழைகிறது. அது தன் புதிய இடத்தோடு சமநிலைக்கு வர, பெரிய சிலையாக இருந்தால் ஓராண்டுகூட ஆகலாம். அந்த விரிசல் கோடையில் அகன்று மழைக்காலத்தில் மூடுவதைக் காண்பீர்கள். கோடையில் அகன்றிருக்கும்போது மரத்தூளும் பசையும் குழைத்துக் கெட்டியாக அடைத்துவிட்டால், மழைக்காலத்தில் விரிய இடமில்லாமல் மரம் தன்னைத்தானே நெருக்கிக்கொள்ளும். அடுத்த கோடையில் அதன் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் பிறக்கும்.

ஓராண்டு பொறுத்திருந்த பின்னும் உறுத்தலாக இருந்தால், அதே மரத்தின் மெல்லிய சிம்பைச் சீவி, ஒரு பக்கத்தில் மட்டும் பசையிட்டுச் செருகுவது நல்ல வழி. மறுபக்கம் விடுபட்டிருப்பதால் மரம் அசைந்துகொள்ளும். முகத்தில் விழுந்த விரிசலை இந்த வேலையில் பழகிய கைகளிடமே விட வேண்டும்.

புதிய சிலையைக் கொண்டுவந்ததும் குளிர்சாதனம் இல்லாத அறையில், பருத்தித் துணியால் தளர்வாகச் சுற்றி, மூன்று நான்கு வாரம் வைத்திருந்தால் இந்தத் தொல்லையின் பெரும்பகுதி குறையும்.

சிலையை வீட்டில் எங்கே வைப்பது நல்லது?

நேர் வெயில் படாத இடம், குளிர்சாதனக் கருவியின் காற்று நேராக வீசாத இடம், வெளிச்சுவரை ஒட்டாத இடம். ஈரம் ஊறும் சுவருக்கும் சிலையின் முதுகுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளியாவது விடுங்கள். காற்றின் ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் சிறப்பு. எனினும் எண்ணைவிட நிலைத்தன்மை முக்கியம். ஆண்டு முழுவதும் 65 சதவீதத்தில் இருக்கும் அறை, பகலில் 45, இரவில் 80 என்று ஊசலாடும் அறையைவிட மேலானது. இரவில் மட்டும் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறை இந்த வகையில் மிக மோசமான இடம்.

பௌத்த நாடுகளில் புத்தர் உருவத்தைத் தரையில் வைப்பதும், கால் நீட்டும் திசையிலோ குளியலறையை ஒட்டியோ வைப்பதும் அவமதிப்பாகும். உயரமான மேடை மரியாதைக்கும் நல்லது, கறையானுக்கும் கூட்டும் துடைப்பத்துக்கும் எட்டாமல் இருப்பதால் மரத்துக்கும் நல்லது.

தூசியை எப்படித் துடைப்பது?

துடைக்கக் கூடாது, தட்டாமல், தேய்க்காமல், பெருக்க வேண்டும். ஓவியர்கள் பயன்படுத்தும் அகலமான, மிக மென்மையான மயிர்த்தூரிகை ஒன்றைச் சிலைக்கென்றே ஒதுக்கி வையுங்கள். தூரிகையின் உலோகப் பட்டையைப் பருத்தி நாடாவால் சுற்றிவிட்டால் கை தவறினாலும் கீறல் விழாது. உச்சியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி மெல்ல வாருங்கள். சுருள்முடியின் இடுக்குகள், காதுமடலின் பின்புறம், மடித்த கால்களுக்கும் மடியில் வைத்த கைகளுக்கும் இடைப்பட்ட குழி ஆகிய மூன்று இடங்களில்தான் தூசி தங்கி ஈரத்தை ஈர்த்து இறுகும். இறுகிவிட்டால் பிறகு தூரிகைக்கு வராது.

துணி வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. செதுக்கலின் கூரான விளிம்புகளில், குறிப்பாக ஆடை மடிப்பின் ஓரங்களில், சிறு சிம்புகள் எழும்பி நிற்கும். துணியின் நூல் அவற்றில் மாட்டிப் பிய்த்துவிடும். கைவிரல்களும் தாமரை இதழ்களின் நுனிகளும் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. ஈரத்துணி இன்னும் கெடுதல். மேற்பரப்பு மட்டும் ஊதி, சாயம் திட்டுத்திட்டாகிவிடும்.

தேங்காய் எண்ணெய் தடவினால் மரம் பளபளக்கும் என்கிறார்களே?

பளபளக்கும், இரண்டு வாரத்துக்கு. இதை நான் சொந்தச் செலவில் கற்றவன். முழ உயர அமர்ந்த புத்தர் ஒன்றுக்கு, மரம் வறண்டு தெரிகிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்தேன். ஒரு மாதத்தில் சிக்குவாடை வீசத் தொடங்கியது. மூன்றாம் மாதம் மார்பும் முழங்கால்களும் பிசுபிசுத்து, ஒட்டிய தூசி சாம்பல்நிறத் தோலாகப் படிந்துவிட்டது. காதுக்குப் பின்னால் இருந்த அழுக்கை மூங்கில் குச்சியில் பஞ்சு சுற்றி, வெள்ளை ஸ்பிரிட்டைத் தொட்டு, நாளுக்கு ஓர் அங்குலமாக எடுத்தேன். மரம் தன் பழைய நிறத்துக்குத் திரும்பவேயில்லை.

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் காற்றில் முழுமையாக இறுகுவதில்லை என்பதே காரணம். ஆளி விதை எண்ணெய் இறுகும். ஆனால் மஞ்சளித்துக் கறுத்து, பிறகு நீக்கவே முடியாததாகிவிடும். மேலும், எண்ணெய் மரத்துக்கு 'உணவு' என்ற எண்ணமே தவறு. மரம் வறள்வது ஈரம் குறைவதால். எண்ணெய் அந்த ஈரத்தை ஈடுசெய்வதில்லை.

வார்னிஷ் அல்லது மெழுகு பூசலாமா?

சாயமோ பூச்சோ இல்லாத புதிய சிலைக்கு, நிறமற்ற தேன்மெழுகுப் பசையைத் துளியளவு எடுத்து மென்துணியால் ஆண்டுக்கு ஒருமுறை தடவுவதில் தீங்கில்லை. வேலைப்பாடு நுணுக்கமான இடங்களைத் தவிர்த்துவிடுங்கள், இடுக்குகளில் வெள்ளையாகத் தங்கும். பாலியூரித்தேன் போன்ற கடின வார்னிஷ் வேண்டாம். அது மரத்தோடு சேர்ந்து அசையாமல் சில ஆண்டுகளில் செதிலாக உரியும். எடுக்க முயன்றால் உளித்தடத்தையும் சேர்த்தே எடுக்கும். பழைய சிலைக்கு எதுவும் பூச வேண்டாம். கைபட்டுக் கைபட்டு உருவான மெருகைச் சேகரிப்பாளர்கள் மதிக்கிறார்கள்; அதைச் சுரண்டி 'புதிதாக்கிய' சிலை விலையிலும் அழகிலும் பாதியை இழந்துவிடுகிறது.

பதினேழாம் நூற்றாண்டில் ஊர் ஊராகத் திரிந்த ஜப்பானியத் துறவி என்கூ (1632–1695), கோடரியும் உளியும் விட்ட தடங்களை அப்படியே விட்டு, மெருகின்றியே செதுக்கினார். அவர் கைவண்ணமாக 5,000-க்கும் மேற்பட்ட உருவங்கள் இன்றும் உள்ளன. வெறும் மரம் முந்நூறு ஆண்டுகள் தாங்கும் என்பதற்கு இவை போதும்.

பர்மியச் சிலையில் தங்கரேக்கு உதிர்கிறது. என்ன செய்வது?

பர்மியச் சிலைகளில் மரத்தின் மேல் பல அடுக்குகள் உண்டு. முதலில் 'திட்சி' என்னும் மரப்பால் அரக்கு. அதன்மேல், அதே அரக்கோடு சாம்பலைக் குழைத்துச் செய்யும் 'தாயோ' என்ற பசை. ஆடையின் ஓரங்களிலும் நெற்றிப்பட்டையிலும் உள்ள புடைப்பு வேலைகளும், பதித்த கண்ணாடிச் சில்லுகளைப் பிடித்திருப்பதும் இதுவே. எல்லாவற்றுக்கும் மேலே தங்கரேக்கு; ஊதினால் பறக்கும் அளவுக்கு மெல்லியது. உள்ளே மரம் அசையும்போது இறுகிய அரக்கு அசையாமல் எழும்பி, தங்கத்தோடு செதில்களாக விழுகிறது.

விழுந்த செதில்களைக் கூட்டித் தள்ளிவிடாமல் சிறு டப்பாவில் இட்டு, எந்த இடத்திலிருந்து விழுந்தவை என்று எழுதி வையுங்கள். எழும்பி நிற்கும் இடங்களில் தூரிகைகூடப் படக் கூடாது. சிலையை நகர்த்துவதை நிறுத்துங்கள். தண்ணீர், தின்னர், ஸ்பிரிட் எதுவும் தொடக் கூடாது. சீன, திபெத்தியச் சிலைகளில் தங்கத்துக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் பசையும் வெண்மண்ணும் கலந்த பூச்சு, அது ஈரம் பட்டதும் கரையும். படிய வைப்பது அருங்காட்சியகப் பாதுகாப்புப் பணியில் பயிற்சி பெற்றவரின் வேலை.

தங்க நிறத்தில் கடையில் கிடைக்கும் பெயின்ட்டை மட்டும் பூசிவிடாதீர்கள். மலிவான ரேக்கு பித்தளையால் ஆனது, அதுவும் கறுத்துப்போகும். பக்தியின் பொருட்டுத் தங்கம் ஒட்டுவது வேறு கதை. இன்லே ஏரியில் உள்ள பவுங்டா ஊ கோயிலின் ஐந்து உருவங்கள், தலைமுறை தலைமுறையாக ஒட்டிய ரேக்கில் உருவமே மறைந்து பொன்னுருண்டைகளாகிவிட்டன. அங்கே அது பழுது அல்ல.

சிலைக்கு அடியில் மாவு போல் தூள் கொட்டுகிறது. பூச்சியா?

பெரும்பாலும் ஆம். தூளை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். முகப்பவுடர் போல மிருதுவாக இருந்து, மரத்தில் குண்டூசித் தலையளவு வட்டத் துளைகளும் தெரிந்தால், அது மரத்தை உளுக்க வைக்கும் துளைவண்டு. மாவுச்சத்து நிறைந்த வெளிர்ப்பகுதியையே அது தின்னும். வைரம் பாய்ந்த பகுதியைப் பெரும்பாலும் தொடாது. கசகசா போல உருளும் சிறுமணிகளாக இருந்தால் அது உலர்மரக் கறையான். மண்ணோடு தொடர்பே இல்லாமல் சிலைக்குள்ளேயே குடியிருக்கும் வகை அது.

துளை பழையதாகவும் இருக்கலாம். சிலையைக் கறுப்புத் தாளின்மேல் இரண்டு வாரம் அசையாமல் வையுங்கள். புதிய தூள் விழுந்தால், துளையின் உட்சுவரும் வெளிறிப் புதிதாகத் தெரிந்தால், பூச்சி உயிரோடு இருக்கிறது. உடனே பிளாஸ்டிக் பையில் இட்டு மற்ற மரப்பொருள்களிலிருந்து பிரித்துவிடுங்கள்.

பூச்சு எதுவும் இல்லாத சிறிய சிலையாக இருந்தால், பருத்தித் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, உறைநிலைப் பெட்டியில் மைனஸ் 20 பாகையில் இரண்டு வாரம் வைப்பது பலன் தரும். வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் குளிர்ந்த மரத்தில் நீர் வியர்க்கும். அரக்கு, தங்கம், வண்ணம் பூசிய சிலைகளுக்கு இந்த முறை ஆகாது. அவற்றுக்கு, காற்றுப்புகாத உறையில் உயிர்வளியை அகற்றிப் பூச்சியைக் கொல்லும் முறையே பாதுகாப்பானது. அதற்குப் பாதுகாப்பு வல்லுநரை நாட வேண்டும். துளைகளில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊசியால் ஏற்றும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. கறையும் நாற்றமும் தீ அபாயமும் நிச்சயம். பூச்சி சாவது நிச்சயமில்லை.

வெண்ணிறப் பூஞ்சை படர்ந்தால்?

காற்றோட்டமே மருந்து. சிலையை உலர்ந்த, நிழலான இடத்துக்கு மாற்றிச் சில நாள் காய விட்டு, முகக்கவசம் அணிந்து, வெளியிடத்தில் தூரிகையால் நீக்குங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சை இழை மரத்துக்குள் அப்பிக்கொள்ளும். கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்துவைத்த சிலைகளுக்கே இது அதிகம் வருகிறது.

ஊதுபத்தி, விளக்கு ஏற்றலாமா?

ஏற்றலாம். ஊதுபத்தியை ஓர் அடி தள்ளி, எண்ணெய் விளக்கை இன்னும் தள்ளி வையுங்கள். புகையின் பிசின் முகத்தில்தான் முதலில் படியும். படிந்தபின் அதை எடுப்பது எளிதல்ல. அபிஷேகம் மரச் சிலைக்கு ஆகாது என்பதைச் சொல்லவே தேவையிருக்காது என்று நினைத்திருந்தேன், கேட்டவர்கள் உண்டு.

விரல் உடைந்துவிட்டது. நானே ஒட்டலாமா?

முறிந்த துண்டைக் கழுவாமல், முறிவை அரம் கொண்டு தேய்க்காமல் பத்திரப்படுத்துங்கள். முறிவின் சிம்புகள் ஒன்றோடொன்று பொருந்துவதுதான் நல்ல ஒட்டின் ஆதாரம். கியோட்டோவின் கோர்யூஜி கோயிலில், செம்பைன் மரத்தில் செதுக்கிய மைத்திரேய போதிசத்துவர் சிலை இருக்கிறது. வலக்கை விரல் கன்னத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் உருவம் அது. 1960 ஆகஸ்டில் ஒரு மாணவர் நெருங்கியபோது அந்தக் கையின் மோதிரவிரல் முறிந்தது. முறிந்த துண்டுகளைக் கொண்டே சீர்செய்தார்கள். இன்று நேரில் பார்ப்பவருக்கு ஒட்டு தெரிவதில்லை.

வீட்டுச் சிலைக்குத் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் விலங்குப் பசையே சிறந்தது. வெதுவெதுப்பான ஈரத்தில் இளகுவதால், தவறாக ஒட்டினாலும் பிரித்துத் திருத்தலாம். நொடியில் ஒட்டும் பசையும் இரு குழாய்ப் பசையும் திருத்த இடம் கொடுப்பதில்லை.

சிலையின் அடியில் மூடிய துளை ஒன்று உள்ளது. திறந்து பார்க்கலாமா?

திறக்காதீர்கள். பல மரபுகளில் சிலைக்குள் சூத்திரச் சுருள், தானியம், துணி, நினைவுப்பொருள் ஆகியவற்றை வைத்து மூடுவார்கள். கியோட்டோவின் செய்ர்யோஜி கோயிலில் உள்ள சாக்கியமுனி சிலை 985-இல் சீனாவில் செதுக்கப்பட்டு, சோனென் என்ற துறவியால் ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டது. 1950களில் திறந்தபோது அதன் உள்ளே பட்டுத்துணியால் தைத்த இதயம், குடல் முதலிய உள்ளுறுப்புகளின் உருவங்கள் இருந்தன. ஆயிரம் ஆண்டு இருட்டில் இருந்த துணியும் தாளும் காற்றும் வெளிச்சமும் பட்டால் விரைவில் நைந்துபோகும். உள்ளே எதுவோ உருளும் ஒலி கேட்டால், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வழியுண்டு.

பழைய சிலையை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதில் சட்டச் சிக்கல் உண்டா?

உண்டு. தாய்லாந்திலிருந்து புத்தர் உருவத்தை வெளியே கொண்டுசெல்ல அந்நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதி தேவை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத சிற்பம் தொல்பொருளாகும். தனியார் அதை ஏற்றுமதி செய்ய இயலாது. செம்மரச் சிலைகளுக்குப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்கிறது. புதிய சிலையானாலும் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சீர்செய்யவே முடியாத அளவுக்குச் சிதைந்த சிலையை என்ன செய்வது?

குப்பையில் போட மனம் வராது, போடவும் கூடாது. ஜப்பானியக் கோயில்களில் பழுதுபார்க்கத் தொடங்கும் முன் சிலையிலிருந்து தெய்வத்தன்மையை விலக்கும் சடங்கையும், பணி முடிந்ததும் கண் திறக்கும் சடங்கையும் செய்கிறார்கள். நம் கோயில்களில் திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்வதை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. விலக்கிய பிறகு அது மரமாகிவிடுகிறது. பௌத்த விகாரை ஒன்று அருகில் இருந்தால் அங்கே கேட்டுச் செய்வது முறை.

லாவோசில் வேறொரு வழி இருக்கிறது. லுவாங் பிரபாங் நகரிலிருந்து நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில், மீகாங் ஆற்றின் கரைப்பாறையில் பாக் ஊ என்ற குகைகள் உள்ளன. தலைமுறைகளாக மக்கள் கொண்டுவந்து வைத்த ஆயிரக்கணக்கான புத்தர் உருவங்கள், பெரும்பாலும் மரத்தாலானவை, அங்கே படிப்படியாக நிற்கின்றன. கையிழந்தவை, பூச்சு உதிர்ந்தவை, பூச்சி அரித்து முகம் மழுங்கியவை எல்லாம் அவற்றில் உண்டு. லாவோ புத்தாண்டின்போது மக்கள் படகில் வந்து அவற்றை நறுமண நீரால் நீராட்டுகிறார்கள். மரத்துக்கு நீர் ஆகாது என்று இவ்வளவு நேரம் எழுதியவன் அதைத் தவறு என்று சொல்லப்போவதில்லை. அந்தச் சிலைகளின் வேலை அங்கே வேறு.